மஞ்சளித்த இலையும் வீட்டுக் கிணறும்

நமது கிராமங்களில் வளவிலே நிற்கும் ஒரு மரத்தின் இலை மஞ்சளாகத் தொடங்கினால் அயலவரிடமிருந்து இரண்டு விடைகள் உடனே கிடைக்கும். “பசளை காணாது, கொஞ்சம் யூரியா போடுங்கோ” என்பது ஒன்று. “ஏதோ பூச்சி, மருந்து அடியுங்கோ” என்பது மற்றது. இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவை. சில வேளைகளில் அவை சரியாகவும் அமைந்துவிடும். ஆனால் மஞ்சள் நிறம் ஒரு நோயின் பெயரன்று. அது ஓர் அறிகுறி மட்டுமே. காய்ச்சலோடு வருகின்ற எல்லோருக்கும் பரிசோதிக்காமலே ஒரே குளிசையைக் கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. மரத்துக்கு மட்டும் அதையே செய்கிறோம்.

வீட்டுத்தோட்டத்தின் பல்லாண்டுப் பயிர்களில் இந்த அவசரம் பெரும் இழப்பைத் தரக்கூடியது. மிளகாய்க் கன்று பட்டுப்போனால் அடுத்த போகத்தில் நட்டுக்கொள்ளலாம். கன்றாக வைத்து வளர்த்த தேசி மரம் பட்டுப்போனால் மீண்டும் காய் பறிக்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இரண்டு தேசி மரம், ஒரு வாழைப் புதர், ஒரு முருங்கை, வேலியோரம் ஒரு கறிவேப்பிலை என்பவை தோட்டக் காணி இல்லாத பல குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு, வாராந்தக் கைச்செலவைத் தருகின்றன. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவெம்பரில் அத்தடை நீக்கப்பட்ட பின்னர் பசளையின் விலை எப்படி ஏறியது என்பதை நாம் அனைவரும் அறிவோம். தேவையில்லாத மரத்துக்குக் கொட்டும் ஒவ்வொரு பிடி யூரியாவும் வீட்டுச் செலவிலிருந்து எடுக்கப்படுவதே. அந்த யூரியா மரத்தடியில் தங்கிவிடுவதுமில்லை. அது எங்கே போகிறது என்பதைப் பின்னர் பார்ப்போம். முதலில் இலையை வாசிக்கப் பழகுவோம்.

கடைக்குப் போகுமுன் ஐந்து கேள்விகள்

1. எந்த இலை மஞ்சளாகிறது? அடியிலுள்ள பழைய இலையா, நுனியிலுள்ள புதிய இலையா?

2. இலையின் எந்தப் பகுதி? முழு இலையுமா, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியா, விளிம்பு மட்டுமா?

3. எந்த நேரத்தில் வாடுகிறது? நடுப்பகலில் மட்டுமா, விடியற்காலையிலுமா?

4. எத்தனை மரங்களில்? ஒரு கிளையிலா, ஒரு மரத்திலா, வளவு முழுவதிலுமா?

5. அடிமண் எப்படி இருக்கிறது? மேலே பார்த்துச் சொல்லாமல், மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

இவற்றோடு, கடந்த இரண்டு மாதங்களில் மரத்தைச் சூழ என்ன மாறியது என்றும் கேட்க வேண்டும். மதில் கட்டினோமா, மண் நிரப்பினோமா, கழிவுநீரைத் திருப்பி விட்டோமா, ஆட்டைக் கட்டினோமா? இக்கேள்விகளுக்குக் காசு செலவில்லை. ஒரு காலைப்பொழுது போதும்.

பழைய இலையும் புதிய இலையும்

முதலாவது கேள்வியே மிகவும் பயனுள்ளது. செடியின் உணவுச் சத்துகளில் சில செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. நைதரசன், பொட்டாசியம், மகனீசியம் என்பன இவ்வகை. மண்ணில் இவை குறைந்தால் செடி தன் பழைய இலைகளிலிருந்து சத்தை எடுத்துத் துளிருக்கு அனுப்பிவிடும். வீட்டில் அரிசி குறைந்தால் தாய் தன் பங்கைக் குறைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதைப் போன்றது இது. எனவே இச்சத்துகளின் குறைபாடு அடியிலைகளில் முதலில் தெரியும். இரும்பு, துத்தநாகம் போன்றவை அவ்வாறு எளிதில் இடம்பெயர மாட்டா. அவற்றின் குறைபாடு நுனித் துளிர்களில் முதலில் தெரியும்.

அடியிலைகள் நரம்போடு சேர்ந்து முழுவதும் ஒரேசீராக வெளிறி, மரமும் வளர்ச்சி குன்றி நின்றால் நைதரசன் போதாது எனக் கருதலாம். மரத்தடியில் உக்காத மரத்தூளையோ உமியையோ மண்ணோடு கலந்திருந்தாலும் இதே நிலை வரும். அவை உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனைத் தம்பக்கம் இழுத்துக்கொள்ளும். நன்கு உக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ இரண்டு மூன்று கூடை இடுவது இதற்குப் போதுமான மருந்து. அதைத் தண்டோடு ஒட்டிக் குவிக்காமல், கிளைகளின் நுனிக்கு நேர் கீழே வட்டமாக இட வேண்டும். உணவை உறிஞ்சும் இளம் வேர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே உள்ளன. தண்டோடு குவித்த எருவும் சருகும் ஈரத்தைப் பிடித்துப் பட்டையை அழுகச் செய்யும்.

தேசி, தோடை மரங்களின் பழைய இலைகளில் நுனியும் ஓரங்களும் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் ஆப்பு வடிவில் பச்சையாக எஞ்சியிருந்தால் அது மகனீசியக் குறைபாடு. பழைய இலையின் விளிம்பு மஞ்சளாகிப் பின்னர் கருகுவது பொட்டாசியக் குறைபாடாக இருக்கலாம். அடுப்புச் சாம்பல் பொட்டாசியம் தரும். ஆனால் அது காரத்தன்மை உடையது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அளவோடுதான் இட வேண்டும்.

ஓரிரண்டு முதிர்ந்த இலைகள் பழுத்து விழுவது நோயன்று. மாரி மழையில் நிலம் ஊறியதும் முருங்கை இலை உதிர்ப்பதும், கோடையில் அலரி போன்ற மரங்கள் சில இலைகளைக் கழிப்பதும் வழமையானவை. அவற்றுக்கு மருந்து தேட வேண்டியதில்லை.

செம்மண்ணில் இரும்புப் பசி

யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகர்கள் இப்பகுதியைக் கவனமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தேசி, செவ்வரத்தை, மல்லிகை, றோசா ஆகியவற்றின் புதிய துளிர்கள் வெளிறிய மஞ்சளாகவும், நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலைபோலவும் தெரிகின்றனவா? அது இரும்புக் குறைபாட்டின் அடையாளம்.

செம்மண்ணுக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுப்பதே இரும்பு. அந்த மண்ணில் நிற்கும் மரம் இரும்புக்கு ஏங்குவது எப்படி? விடை மண்ணுக்கு அடியிலுள்ள சுண்ணக்கல்லில் இருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த, காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பு கரையாத வடிவில் பூட்டப்பட்டிருக்கும். களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் திறப்பு இல்லாத வீட்டுக்காரரின் நிலைதான் மரத்தின் நிலை. நாம் இறைக்கும் கிணற்று நீரும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டே வருகிறது. கேத்தலின் அடியில் படியும் வெண்படையே அதற்குச் சாட்சி. அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்து மண்ணை எப்போதும் சேறாக வைத்திருந்தால் நிலைமை மேலும் மோசமாகும்.

இத்தகைய மரத்துக்கு யூரியா போட்டால் பூட்டு திறக்காது. துருப்பிடித்த ஆணிகளை அடியில் புதைப்பதும் பயன் தராது. அந்த இரும்பும் மண்ணில் பூட்டப்பட்டுவிடும். உடனடி உதவியாக, ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் இரும்புச் சல்பேற்றைக் கரைத்து, சில துளி தேசிச்சாறு சேர்த்து, வெயில் தணிந்த மாலையில் இலைகளில் தெளிக்கலாம். முதலில் ஒரு சிறு கிளையில் தெளித்து இரண்டு மூன்று நாள் பொறுத்து, இலை கருகவில்லை என்று கண்ட பிறகே முழு மரத்துக்கும் தெளியுங்கள். நிலையான உதவி நம் முன்னோர் செய்துவந்த குழை தாழ்த்தலே. பூவரசு, கிளிசரியா முதலியவற்றின் குழையை மரத்தைச் சுற்றிக் கிடங்கு வெட்டித் தாழ்த்தினால், அது உக்கும்போது உண்டாகும் பொருட்கள் இரும்பைக் கரைத்து வேருக்குக் கொடுக்கின்றன.

மீள்குடியேறிய கிராமங்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. புதிய வீடு கட்டும்போது எஞ்சிய சீமெந்துக் கட்டிகளையும் சாந்தையும் வளவிலேயே புதைத்து, அதன்மேல் மரம் நடுகிறோம். மதிலோரம் நட்ட கன்று மாத்திரம் வெளிறியிருந்தால், வேர்ப்பகுதியைத் தோண்டிப் பாருங்கள். சீமெந்தும் சுண்ணாம்பைப் போன்றே இரும்பைப் பூட்டிவிடும்.

மண் மாறினால் மருத்துவமும் மாறும்

மலையகத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே மழை மிகுதியால் கல்சியமும் மகனீசியமும் கரைந்தோடி, மண் அமிலத்தன்மை அடைந்துள்ளது. நுவரெலியாப் பக்கத்து வீடுகளில் ஐதரேஞ்சியாப் பூ நீலமாகப் பூப்பதைக் கண்டிருப்பீர்கள். அமில மண்ணில் நீலமாகவும், சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூப்பது அச்செடியின் இயல்பு. அமில மண்ணில் மகனீசியக் குறைபாட்டுக்கு டொலமைற்று நல்ல மருந்து. அது அமிலத்தையும் குறைக்கும். அதே டொலமைற்றைக் குடாநாட்டின் சுண்ணாம்பு மண்ணில் இட்டால் இரும்புப் பசி இன்னும் கூடும். எனவே தலவாக்கலையில் உள்ள உறவினரின் அனுபவம் அச்சுவேலியில் பொருந்தாது. மன்னார், மட்டக்களப்புக் கரையோர மணல் நிலங்களில் மழைநீர் பசளையை விரைவாக அடித்துச் செல்வதால், எருவோ பசளையோ ஒரே தடவையில் இடாமல் சிறிது சிறிதாகப் பல தடவைகளில் இட வேண்டும்.

வாடிய இலை: தாகமா, மூச்சுத் திணறலா?

நடுப்பகல் வெயிலில் இலை தொங்கி, மாலையில் நிமிர்ந்தால் அது பெரும்பாலும் வெப்பத்தின் விளைவு. விடியற்காலையிலும் இலை தொங்கிக் கிடந்தால் வேரில் குறை உண்டு. உடனே மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் மண் காய்ந்து பொடியாக இருந்தால் அது தாகம். மேலே மட்டும் நனையும்படி தினமும் சிறிது ஊற்றுவதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக ஊறும்படி ஊற்றி, சருகால் மூடாக்கிடுவது நல்லது.

மண் ஈரமாக இருந்தும் இலை வாடினால், மேலும் நீர் ஊற்றுவது மரத்தைக் கொல்வதற்கு ஒப்பாகும். வேரும் மூச்சு விடுகிறது; நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லை. மூச்சுத் திணறிய வேர் அழுகத் தொடங்கியதும் நீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. நீரில் நின்றுகொண்டே மரம் தாகத்தால் வாடுகிறது. பப்பாசி இதில் மிகவும் மென்மையானது. இரண்டு நாள் நீர் தேங்கினாலே இலை மஞ்சளாகித் தொங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னரே அடியை மேடாக்கி வடிகால் வெட்டுவதைத் தவிர அதற்கு வேறு மருந்து இல்லை. பூச்சாடியில் நிற்கும் செடி வாடினால் சாடியின் அடித்துளை அடைபட்டுள்ளதா என்று பாருங்கள். நல்ல வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் கபில நிறமாகிக் கையோடு உரிந்து வரும்.

ஒரு கிளை மாத்திரம் வாடினால் அந்தக் கிளையை அடிவரை தடவிப் பாருங்கள். துளையும் மரத்தூளும் தெரிந்தால் உள்ளே தண்டு துளைக்கும் புழு இருக்கிறது. கிளையைப் புழுவுக்குக் கீழே வெட்டி எரியுங்கள். ஆடு கட்டிய கயிறோ, கன்றைக் கட்டிய கம்பியோ பட்டையை அறுத்து வாட்டுவதும் உண்டு.

கரையோரக் கிராமங்களில் கோடையின் முடிவில் இலைகளின் நுனியும் விளிம்பும் கருகி, மண்ணின் மேல் வெண்படலம் தெரிந்தால் நீரில் உவர் ஏறிவிட்டது. குடாநாட்டில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. பம்பி வைத்து அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். இதற்கும் பசளை மருந்தாகாது. பசளையும் ஓர் உப்பே என்பதால் அது கேட்டைக் கூட்டும். இறைப்பைக் குறைத்து, மூடாக்கிட்டு, மழைநீரை வளவிலேயே ஊறவிடுவதுதான் வழி.

இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

பூச்சி என்று முடிவு செய்யுமுன் பூச்சியைக் கண்ணால் காண வேண்டும். இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈ, அழுக்கணவன், வெண்மூட்டுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவை சாற்றை உறிஞ்சி இலையை மஞ்சளாக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீரில் கரிபோன்ற பூஞ்சணம் படரும், எறும்புகளும் ஏறும். நுண்ணிய மஞ்சள் புள்ளிகளும் மெல்லிய நூலும் தெரிந்தால் சிற்றுண்ணி. தொடக்கத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும், சவர்க்காரக் கரைசலை இலையின் அடிப்பக்கத்தில் தெளிப்பதும், வேப்பங்கொட்டைச் சாறும் போதுமானவை.

2008 இல் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி நம் நாட்டில் பரவியதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பப்பாசி மாத்திரமன்றிப் பல மரங்களும் வெள்ளையடித்ததுபோல் நின்றன. பின்னர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு விடப்பட்ட ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியே அதைப் பெருமளவில் அடக்கியது. கண்டபடி நஞ்சு தெளிக்கும் வளவில் இத்தகைய குளவிகளே முதலில் சாகின்றன.

காப்பாற்ற முடியாதவை

சில நோய்களில் ஒரு மரத்தை இழந்தே மற்றவற்றைக் காக்க வேண்டும். வாழையில் அடியிலைகள் விளிம்பிலிருந்து மஞ்சளாகி, காம்பு மடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கினால் பனாமா வாடல் என ஐயுறுங்கள். தண்டைக் குறுக்கே வெட்டினால் செங்கபில நிறப் புள்ளிகளும் கீறல்களும் தெரியும். கோலிக்குட்டு இனம் இதற்கு எளிதில் ஆளாகும். இந்தப் பங்கசு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அந்தப் புதரிலிருந்து குட்டி எடுக்கவோ அயலவருக்குக் கொடுக்கவோ கூடாது. வெட்டிய மண்வெட்டியையும் கழுவ வேண்டும். வாழையின் புதிய இலைகள் குறுகி, விளிம்பு மஞ்சளாகி, உச்சியில் குஞ்சம்போல் நெருங்கி நின்றால் அது குருக்கன் நோய். அழுக்கணவன் பரப்பும் வைரசால் வருவது. முழுப் புதரையும் கிழங்கோடு அகற்றி அழிக்க வேண்டும்.

தென்னையில் ஓலைகள் சோர்ந்து தொங்கி மஞ்சளாகும் வெலிகம வாடல் நோய் 2006 இல் தென் மாகாணத்தில் கண்டறியப்பட்டது. அப்பகுதியிலிருந்து தென்னம்பிள்ளைகளை வெளியே கொண்டுசெல்லக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது இதனாலேயே. மலிவாகக் கிடைக்கிறதென்று ஊர்பேர் தெரியாத கன்றை வாங்கி வளவுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கிணறு

மரத்துக்குத் தேவைப்படாத யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. நைத்திரேற்று நீரில் கரைந்து, மழையோடும் இறைப்போடும் கீழிறங்குகிறது. வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல் அதைத் தடுப்பதில்லை. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கிணற்றுக்கு அண்மையிலுள்ள மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணமே. ஆனால் பசளையின் பங்கு பெரியது.

மிகுந்த ஆபத்து கைக்குழந்தைகளுக்கே. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்; உதடும் தோலும் நீலம் பாயும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். தேசி மரத்தின் இரும்புப் பசியை நைதரசன் பசி என்று தவறாக வாசிப்பதன் விலையை, அந்த வீட்டின் மிகச் சிறியவரே செலுத்த நேரிடலாம்.

நாம் செய்யக்கூடியது

லூக்கா நற்செய்தியின் 13 ஆம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரத்தின் உவமை வருகிறது. மூன்று ஆண்டுகளாகக் கனி காணாத உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். அவர் செய்ய விரும்பும் வேலையின் ஒழுங்கைக் கவனியுங்கள்: முதலில் மரத்தைச் சுற்றிக் கொத்துவது, அதன் பின்னரே எரு இடுவது. பொறுமையோடு மண்ணைக் கொத்திப் பார்ப்பவருக்கே மரத்தின் குறை தெரியவரும்.

ஒவ்வோர் அன்பியமும், மாதர் சங்கமும் மாதத்தில் ஒருநாள் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். குறை கண்ட மரத்திலிருந்து பழைய இலை, நடு இலை, புதிய இலை என மூன்றைப் பறித்து, ஒரு பிடி அடிமண்ணோடு கொண்டுவாருங்கள். ஐந்து கேள்விகளையும் சேர்ந்து கேளுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை விடைகளைக் கொப்பியில் எழுதட்டும். வைரசு, வாடல் என்று ஐயம் வந்தால் நோயுற்ற வாழையையோ தென்னையையோ இடம்பெயர்க்காமல், கமநல சேவைகள் நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரை வளவுக்கு அழைத்துக் காட்டுங்கள். மண், நீர்ப் பரிசோதனை பற்றியும் அவரிடமே கேளுங்கள். ஓராண்டு இவ்வாறு எழுதிவந்தால் அந்தக் கொப்பியே உங்கள் ஊர் மண்ணுக்குரிய கைந்நூலாகிவிடும்.

அதுவரை, இலை மஞ்சளாகக் கண்ட அன்று யூரியாப் பையைத் திறக்க வேண்டாம். மண்வெட்டியை எடுத்து ஒரு சாண் தோண்டிப் பாருங்கள்.